பழைய ஜெர்மன் வயலினைச் சீர்செய்து விற்க: முதல்முறை இறங்குபவர்களுக்கு

வியாபாரிகள் ‘டிரேட் வயலின்’ என்று சொல்லும் ஒரே ஒரு வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏறத்தாழ 1880 முதல் 1930 வரை ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள மார்க்நொய்கிர்ஷனிலும், எல்லைக்கு அப்பால் பொஹீமியாவில் இருந்த ஷோன்பாகிலும் (இன்று செக் நாட்டின் லுபி) செய்து உலகெங்கும் அனுப்பிய வயலின்கள் இவை. ஏலத்திலும் பழைய பொருள் கடையிலும் உறவினர் வீட்டுப் பரணிலும் கிடைக்கும் பழைய வயலின்களில் பெரும்பாலானவை இந்த இனம்தான்.

மார்க்நொய்கிர்ஷனில் 1677இலேயே வயலின் செய்பவர்களின் சங்கம் அமைந்துவிட்டது. மதக் காரணங்களுக்காகப் பொஹீமியாவை விட்டு வந்த 12 கைவினைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வேலை வீடு வீடாகப் பிரிந்தது. ஒரு குடும்பம் சுருள்தலை மட்டும் செதுக்கும், இன்னொன்று மேல்பலகை மட்டும், வேறொன்று தந்தியை முறுக்கும் பிருடைகள் மட்டும். மொத்த வியாபாரி அவற்றை வாங்கி, சேர்த்து, வார்னிஷ் அடித்துக் கப்பலேற்றுவார். ஏற்றுமதி பெருகியதால் 1893 முதல் 1916 வரை அந்தச் சிற்றூரில் அமெரிக்கத் தூதரக அலுவலகமே இயங்கியது. இந்தப் பின்னணி தெரிந்தால் ஒரே வயலினில் தலை அழகாகவும் உட்புறம் முரடாகவும் இருப்பது ஏன் என்று புரியும். ஒவ்வொரு பாகமும் வேறு வேறு கை செய்தது.

லேபிளை ஒதுக்கிவிட்டு மரத்தைப் பாருங்கள்

ஸ்ட்ராடிவாரியஸ், ஸ்டைனர், குவார்னேரியஸ், மாஜினி என்று லேபிள் எதுவாகவும் இருக்கலாம். அது எந்த மாதிரியைப் பின்பற்றிச் செய்தார்கள் என்பதற்கான விற்பனைப் பெயர். செய்தவர் பெயர் அல்ல. அன்று வாங்கியவர்களுக்கும் அது தெரியும். லேபிளில் உண்மையிலேயே பயன்படும் செய்தி நாட்டின் பெயர்தான். அமெரிக்காவுக்கு வரும் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. ‘ஜெர்மனி’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1918க்குப் பிந்தையது. ‘யு.எஸ். ஸோன்’ (ஜெர்மனியில் அமெரிக்கப் படையின் வசமிருந்த பகுதி) என்றால் இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகான சில ஆண்டுகள். நாட்டுப் பெயர் இல்லை என்பதால் மட்டும் 1891க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவுக்குப் போகாத வயலின்களும் உண்டு, பின்னாளில் லேபிளை வெட்டி ஒட்டியவர்களும் உண்டு.

மரம் சொல்லும் அடையாளங்கள் இவை. சுருள்தலையைப் பின்புறமிருந்து பாருங்கள். நடுவில் ஓடும் இரட்டைப் பள்ளம் கீழே சுற்றிவந்து தொண்டைப் பகுதியின் கடைசி வரை போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டால் அது மார்க்நொய்கிர்ஷன், ஷோன்பாக் வழக்கம். அடுத்து, தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸைக் கட்டும் எண்ட் பின்னை (உடலின் அடிமுனையில் உள்ள குமிழ்) கழற்றி, அந்தத் துளை வழியாக உள்ளே பாருங்கள். மேல்பலகையில் f வடிவில் வெட்டிய எஃப் துளைக்குள் சிறு எல்இடி விளக்கை விட்டால் உட்புறம் முழுவதும் தெரியும். மூலைகளில் கட்டைகளே இல்லாமலோ, கட்டை இருப்பதுபோல் காட்ட ஒரு மெல்லிய சில்லை மட்டும் குறுக்கே ஒட்டியோ இருக்கும். மேல்பலகையைக் குடையும்போதே பேஸ் பாரை (தடித்த தந்திப் பக்கம் உட்புறத்தில் நீளவாட்டில் ஓடும் கட்டை) அதே மரத்தில் விட்டுச் செதுக்கியிருப்பார்கள். கழுத்தும், அதை உடலுக்குள் தாங்கும் மேல்கட்டையும் ஒரே மரமாக, பக்கப்பலகைகள் அதன் இருபுறமும் வெட்டிய காடியில் செருகியதாக இருக்கும். ஓரத்தில் ஓடும் பர்ஃப்லிங் கோடு மரம் பதித்ததா, மையால் வரைந்ததா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். வரைந்த கோடு கடைநிலை வயலினுக்கு அடையாளம்.

இதே ஊரில் முழு மூலைக்கட்டைகளும் தனியாக ஒட்டிய பேஸ் பாரும் வைத்து நல்ல வயலின்கள் செய்த பட்டறைகளும் இருந்தன. எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் ரோத், ஹெபர்லைன் போன்ற பெயர்கள் அந்த வரிசை. உட்புறம் சுத்தமாக இருந்தால் அவசரப்பட்டு எதையும் தொடாமல் தேர்ந்த வயலின் பட்டறையில் முதலில் காட்டுங்கள்.

வாங்கலாமா என்று முடிவு செய்வது

வாங்கும் முன் அளக்க வேண்டியவை சில. அடிப்பலகையின் நீளம், கழுத்தடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அரைவட்டத்தைச் சேர்க்காமல், 355 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. 360ஐத் தொடுபவையும் உண்டு. வாசிப்பவர்கள் அவற்றை விரும்புவதில்லை. நட்டிலிருந்து (பிருடைப் பெட்டிக்குக் கீழே தந்திகள் ஏறிவரும் சிறு கட்டை) உடலின் விளிம்பு வரை கழுத்து 130, விளிம்பிலிருந்து எஃப் துளைகளின் உள்வெட்டு வரை 195. இந்த 2:3 விகிதம் ஓரிரு மி.மீ. பிசகினால் பரவாயில்லை. கழுத்து 126 மட்டுமே இருந்தால் பழகிய விரல்களுக்குச் சுருதி தப்பும். அப்படிப்பட்டதை விற்பது கடினம்.

அடுத்தது கழுத்தின் கோணம். விரல் வைத்து வாசிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் நடுவில் ஒரு நேர் அளவுகோலை வைத்து, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் நிற்கும் இடம் வரை நீட்டுங்கள். அங்கே மேல்பலகையிலிருந்து அளவுகோலின் அடிவிளிம்பு வரை 27 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். 24, 25தான் வருகிறது என்றால் நூறாண்டு இழுவிசையில் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. பிரிட்ஜைக் குட்டையாக வெட்டினால்தான் தந்திகள் கைக்கு எட்டும், குட்டை பிரிட்ஜில் ஒலி அமுங்கிவிடும்.

பிறகு விரிசல்கள். மேல்பலகையில் ஓரத்திலிருந்து தொடங்கும் சிறு விரிசலைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிட்ஜின் வலப்பாதத்துக்கு அருகே, சவுண்ட் போஸ்ட் (உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் குச்சி) முட்டும் இடத்தில் ஓடும் விரிசல் கவலைக்குரியது. அதே விரிசல் அடிப்பலகையில் இருந்தால் புதியவர்கள் வாங்கவே கூடாது. அதற்கு உள்ளே மரத்தைக் குழித்து ஒட்டு வைக்க வேண்டும், வைத்த பிறகும் விலை பாதியாகவே நிற்கும். புழு ஓடிய துளைகளும் அப்படித்தான். வெளியே இரண்டு துளை தெரிந்தால் உள்ளே ஒரு சுரங்கமே இருக்கக்கூடும்.

நகம் மடக்கிய விரலால் ஓரம் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டு விட்ட இடத்தில் ஒலி மாறி சொடசொடக்கும். ஒட்டு விடுவது நோயல்ல. மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் இருக்கத்தான் அங்கே மென்மையாக ஒட்டுகிறார்கள்.

கழுத்து, பேஸ் பார், சவுண்ட் போஸ்ட் விரிசல் ஆகிய மூன்றில் இரண்டு கெட்டிருந்தால், பட்டறைக் கூலி வயலினின் விலையைத் தாண்டிவிடும். சொந்தக் கையால் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் அப்படி ஒன்றை வாங்கலாம். பர்ஃப்லிங்கை மையால் வரைந்த கடைநிலை வயலின் அதற்கு ஏற்றது.

பசை

தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல் பசைதான். வேறு எதுவும் கூடாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை இழுவிசையில் மெல்ல நகரும், விரிசலுக்குள் போய்விட்டால் வெளியே எடுக்க முடியாது. எபாக்ஸியும் சூப்பர் குளூவும் அதைவிட மோசம். அடுத்த தலைமுறையில் இதே வயலினைத் திறக்கப்போகிறவருக்காகவும் சேர்த்துத்தான் இன்று ஒட்டுகிறோம். வெந்நீரில் இளகிவிடும் பசையாக இருந்தால் அவர் சேதமில்லாமல் திறப்பார்.

எடைக்கு ஒரு பங்கு பசைக் குருணைக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரமாவது ஊறவிடுங்கள். பிறகு சிறு ஜாடியில் இட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 60 டிகிரி செல்சியஸில் உருக்குங்கள். 65ஐத் தாண்டவிட்டால் பிடிப்பு குறையும், கொதித்தால் வீண். தூரிகையிலிருந்து அறுந்து சொட்டாமல் மெல்லிய நூலாக இறங்கும் பதம் விரிசலுக்குச் சரி. மேல்பலகையைப் பக்கப்பலகையோடு ஒட்ட இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து நீர்க்கவைக்க வேண்டும். ஒட்டும் மரத்தையும் முன்கூட்டியே இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த மரத்தில் பசை பத்து நொடியில் கூழாக உறைந்துவிடும். ‘வஜ்ஜிரம் பிடிக்கவில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு நடந்தது இதுதான்.

திறப்பதும் விரிசலை மூடுவதும்

மேல்பலகையைத் திறக்க முனை மழுங்கிய மெல்லிய கத்தி வேண்டும். ஏற்கெனவே ஒட்டு விட்ட இடத்தில் தொடங்கி, கத்தியை முன்னும் பின்னும் அறுக்காமல் மெல்ல முறுக்கிக்கொண்டே நகர்த்துங்கள். மேல்பலகை செய்யும் ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். நார் உள்ளே இறங்கும் திசையில் தள்ளினால் கத்தி ஒட்டை விட்டுவிட்டு மரத்தைப் பிளக்கும். பிளவுச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். பசையை உடைக்கச் சிலர் ஸ்பிரிட் சொட்டுவார்கள். இந்த வயலின்களில் பல ஸ்பிரிட் வார்னிஷ் பூசியவை. ஒரு சொட்டு வெளியே வழிந்தாலும் வார்னிஷ் கரைந்து வெள்ளைத் தழும்பு விழும். மேல்கட்டைப் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் விரிசலின் இரு விளிம்புகளையும் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்தூரிகையால் கழுவுங்கள். பழைய பசையும் கறுத்த அழுக்கும் வெளியேறும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அழுக்கோடு ஒட்டிய விரிசல் கறுப்புக் கோடாக நின்று, சீர்செய்ததை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த பிறகு பசை இல்லாமல் ஒருமுறை கிளாம்ப் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று விரல் நுனியால் தடவினால் தெரியும். ஒரு பக்கம் தாள் கனம் ஏறியிருந்தாலும் கையில் படும். மட்டம் வந்த பிறகே பசை.

மூடிய விரிசலின் உட்புறம் குறுக்கே கிளீட் எனப்படும் சிறு ஒட்டுக்கட்டைகள் வைக்க வேண்டும். ஸ்ப்ரூஸில் 6 × 10 மி.மீ., கனம் 1.5 முதல் 2 மி.மீ. போதும். நாலு ஓரமும் சரிவாகச் சீவி, அடிப்பக்கம் பலகையின் வளைவில் முழுதாகப் படியும்படி செய்யுங்கள். 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் ஒன்று. தடித்த கட்டைகளை நெருக்கமாக அடுக்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பலகை அந்த இடத்தில் விறைத்துப்போய், அடுத்த வறட்சியில் கிளீட்டின் ஓரத்திலேயே புது விரிசல் கிளம்பும்.

திறந்திருக்கும்போது பேஸ் பாரையும் பாருங்கள். செதுக்கிவிட்ட பார் பெரும்பாலும் குட்டையாக, தவறான இடத்தில், நடுக்கோட்டோடு ஒட்டி நிற்கும். பலகையும் சில இடங்களில் 4 மி.மீ. கனம் இருக்கும். வயலின் ஓரளவு நல்லதென்றால் பழைய பாரைச் சீவி எடுத்து, பலகையை 2.8 முதல் 3 மி.மீ. வரை இழைத்து, புது பார் வைப்பது பலன் தரும். கீழ் இரு தந்திகளில் வித்தியாசம் காதுக்கே தெரியும். அறுக்காமல் பிளந்தெடுத்த ஸ்ப்ரூஸில் 270 மி.மீ. நீளம், 5.5 அகலம், நடுவில் 12 உயரம். பாரின் உள்விளிம்பு மேல்பகுதியில் நடுக்கோட்டிலிருந்து 12 மி.மீ., கீழ்ப்பகுதியில் 15 மி.மீ. தள்ளி இருந்தால் அதன் வெளிவிளிம்பு பிரிட்ஜின் இடப்பாதத்தின் வெளிவிளிம்புக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. உள்ளே வந்து அமையும். பலகையில் சாக்பீஸ் தேய்த்து, பாரை வைத்தெடுத்து, வெள்ளை ஒட்டிய மேடுகளை மட்டும் சீவிக்கொண்டே வாருங்கள். அடி முழுவதும் ஒரே சீராக வெள்ளை படியும்வரை இதைச் செய்ய வேண்டும். இதில் அரைநாள் போனாலும் தகும்.

சாய்ந்த கழுத்து

சாதாரண வயலினில் கழுத்தைக் கழற்றி, காடியைத் திருத்தி மீண்டும் ஒட்டலாம். கழுத்தும் மேல்கட்டையும் ஒரே மரமாக உள்ளதில் அது முடியாது. கழுத்தை அறுத்து, புது மேல்கட்டை வைத்து, அதில் காடி வெட்டிப் பொருத்த வேண்டும். புதியவர் செய்யும் வேலை அல்ல அது.

உயரம் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் குறைவென்றால் எளிய வழி இருக்கிறது. ஃபிங்கர்போர்டைக் கழற்றி, கழுத்துக்கும் அதற்கும் இடையில் மேப்பிள் ஆப்பு ஒன்றை ஒட்டுவதுதான் அது. நட் பக்கம் ஏறக்குறைய சுழியம், உடல் பக்கம் தடிப்பு. கழுத்து 130, தந்தி நீளம் 325 என்பதால், உடல் பக்கம் 1 மி.மீ. வைத்தால் பிரிட்ஜ் இடத்தில் 2.5 மி.மீ. உயரும். 24.5 இருந்தது 27 ஆகிவிடும். கழுத்தின் கனம் கூடுவதால் பிறகு அடிப்பக்கத்தைச் சற்றே சீவ வேண்டியிருக்கும். மேப்பிளின் வெள்ளை விளிம்பைக் கருங்காலி நிறத்துக்குச் சாயமிடுங்கள், ஆனால் விற்கும்போது ஆப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பல டிரேட் வயலின்களில் ஃபிங்கர்போர்டு கருஞ்சாயம் ஏற்றிய வேறு மரமாக இருக்கும். ஈரப் பஞ்சால் தேய்த்தால் கறுப்பு ஒட்டும். வாசிக்கப்போகும் வயலினுக்கு 270 மி.மீ. கருங்காலிப் பலகை மாற்றிவிடுவதே நல்லது. நட் பக்கம் 24, மறுமுனையில் 42 அகலம். பிருடைத் துளைகள் 9 மி.மீ.க்கு மேல் தேய்ந்து அகன்றிருந்தால் மேப்பிள் புஷ் (துளையை அடைக்கும் கட்டை) வைத்து 1:30 சரிவுள்ள ரீமரால் (துளையைச் சீவி அகலப்படுத்தும் கருவி) மறுபடி துளையிடுங்கள்.

சவுண்ட் போஸ்ட்டும் பிரிட்ஜும்

இத்தனை நாள் செய்த வேலை ஒலியாக மாறுவது இங்கேதான். போஸ்ட்டுக்கு 6 மி.மீ. தடிப்புள்ள பிளந்த ஸ்ப்ரூஸ் குச்சி. அதன் வளர்ச்சிக் கோடுகள் மேல்பலகையின் கோடுகளுக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நேராக நின்றால் கடினமான கோடுகள் பலகையில் தழும்பிடும். பிரிட்ஜின் வலப்பாதத்தின் பின்விளிம்பிலிருந்து டெயில்பீஸ் பக்கமாக 2 முதல் 3 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். இரு முனைகளும் பலகைகளின் வளைவுக்கு ஏற்பச் சரிவாக வெட்டி, எண்ட் பின் துளை வழியாகப் பார்க்கும்போது எந்தப் பக்கமும் ஒளிக்கீற்று தெரியாமல் படிய வேண்டும். தந்தி இல்லாத நிலையில் போஸ்ட் மெதுவாகப் பிடித்து நிற்கும் அளவே நீளம். இறுக்கித் திணித்தால் முதல் சில நாள் ஒலி ஓங்கிக் கேட்கும், பிறகு மேல்பலகை அந்த இடத்தில் புடைத்து விரிசல் விடும்.

பிரிட்ஜின் பாதங்களைப் பலகையின் வளைவுக்குக் கத்தியால் செதுக்குங்கள். பலகையின் மேல் உப்புத்தாளை வைத்துப் பாதங்களைத் தேய்ப்பவர்களும் உண்டு. அதில் பாதத்தின் ஓரம் உருண்டுபோகும். மேல்விளிம்பு 1.3 முதல் 1.5 மி.மீ. கனம். ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் தந்தி உயரம் மெல்லிய தந்திக்கு 3.5, தடித்ததற்கு 5.5 மி.மீ. தமிழ்நாட்டில் விற்பதாக இருந்தால், கர்நாடக இசைக்கு ச-ப-ச-ப என்று சுருதி தாழ்த்திக் கட்டுவார்கள், கமகத்துக்காக விரல் தந்தியில் நெடுக வழுக்கும். வாங்குபவரைக் கேட்டு உயரத்தை அரை மி.மீ. குறைத்துத் தரலாம்.

தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பிருடையைத் திருப்பும்போதெல்லாம் பிரிட்ஜின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும், உடனுக்குடன் நிமிர்த்துங்கள். விழுந்தால் டெயில்பீஸ் மேல்பலகையில் அறைந்து தழும்பு போடும். முழுச் சுருதியில் ஒரு வாரம் வைத்திருந்து, ஒட்டு எங்காவது விடுகிறதா, கழுத்து உயரம் குறைகிறதா என்று மீண்டும் அளந்த பிறகே விற்பனைக்கு.

வார்னிஷ்

முழுதாகச் சுரண்டிப் புதிதாக அடிப்பதும் பாலிஷ் ஏற்றுவதும் வயலினின் மதிப்பை அழித்துவிடும். பிரிட்ஜ் பக்கம் படிந்த ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) கட்டியைச் சற்றே ஈரமான பஞ்சால் எடுக்கலாம். முதலில் எண்ட் பின் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். வெறும் மரம் தெரியும் இடங்களில் மட்டும் நிறம் சேர்த்த ஷெல்லாக்கை (அரக்கு வார்னிஷ்) மெல்லிய தூரிகையால் பல அடுக்காகத் தொட்டு வையுங்கள். நடுவில் மஞ்சளாகவும் ஓரத்தில் கருமையாகவும் நிழலிட்டிருப்பது தேய்மானமல்ல, தொழிற்சாலையில் பழமைத் தோற்றத்துக்காகவே செய்தது. அதைச் சமன்செய்ய முயல வேண்டாம்.

விற்கும்போது

விளம்பரத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ‘மார்க்நொய்கிர்ஷன்/ஷோன்பாக் வயலின், ஏறத்தாழ 1900, ஸ்ட்ராடிவாரியஸ் லேபிள் ஒட்டியது’. ‘லேபிள் ஒட்டியது’ என்ற இந்தச் சொற்கள் விவரம் தெரிந்த வாங்குபவருக்கு நம்பிக்கை தரும். ‘ஸ்ட்ராடிவாரியஸ் வயலின்’ என்று எழுதினால் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார், விவரம் தெரியாதவர் ஏமாறுவார்.

அளவுகளைக் கொடுங்கள்: உடல், தந்தி நீளம், கழுத்து உயரம். பகல் வெளிச்சத்தில் முன், பின், இரு பக்கம், சுருள்தலை நாலு கோணம், லேபிள், எண்ட் பின் துளை வழியே உட்புறம் என்று படம் வையுங்கள். ஒட்டிய ஒவ்வொரு விரிசலுக்கும் சாய்வான ஒளியில் தனிப் படம். என்ன மாற்றப்பட்டது, எது பழையது என்று வரிசையாக எழுதுங்கள். பல தலைமுறை வாசித்த வயலினில் ஒட்டிய விரிசல் இருப்பதை வாங்குபவர் எதிர்பார்த்தே வருகிறார். அவரை விலகச் செய்வது மறைத்த விரிசல்தான்.

வில்லும் சேர்ந்து போகிறதென்றால் அதைத் தனியாகப் பாருங்கள். முனைத் தகடு யானைத் தந்தமாக இருந்தால் நாடு கடந்து அனுப்பக் கூடாது, இந்தியாவுக்குள்ளும் தந்தம் விற்பது குற்றம். வில் செய்யும் பெர்னம்புகோ மரமும் 2007 முதல் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுச் சான்று பெற்ற பிறகு அனுப்புங்கள்.

கட்டும்போது தந்திகளை ஓரிரு சுரம் மட்டும் தளர்த்துங்கள். முழுதாகத் தளர்த்தினால் சவுண்ட் போஸ்ட் வழியில் விழுந்துவிடும். ஃபிங்கர்போர்டுக்கும் டெயில்பீஸுக்கும் அடியில் மடித்த துணி வைத்து, பிரிட்ஜைச் சுற்றிப் பஞ்சுத்தாள் செருகுங்கள். பெட்டிக்குள் வயலின் அசையக் கூடாது, பெட்டி வெளி அட்டைப்பெட்டிக்குள் அசையக் கூடாது. இரண்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை வேண்டும். பெட்டி வந்ததும் சில மணி நேரம் மூடியே வைத்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கும்படி வாங்குபவருக்கு ஒரு குறிப்பு எழுதி மேலேயே ஒட்டிவிடுங்கள்.